தட்டு மாற்றிய ஐந்து பேர்

மாடி அறையைக் கேட்டு யார் வந்தாலும், கீழே இரும்பு கடைகிற லேத் ஓடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது அமைதி. என் பட்டறையில் அது ஒன்றுதான் கிடைக்காது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்க ஆரம்பித்திருந்த காலம். அக்கம்பக்கத்து வீடுகளில் அறை கிடைக்காது. என் மாடியில் புறா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. "புறாவுக்கு நல்லா எடம் பாத்துக் கட்டுனீங்க போங்க" என்பாள் என் மனைவி.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் காலையில் அமெரிக்கர் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, நாலு முழ வேட்டி, ஒல்லியான உடம்பு. அறையைப் பற்றிக் கேட்காமல் வாசலில் நின்று லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பேரிங் தேய்ந்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! வந்ததும் வராததுமாக என் மெஷினுக்குக் குறை சொல்ல இவர் யார்? அவர் போன பிறகு கழற்றிப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. சாயங்காலம் நானே ஆளைத் தேடிப் போய் அழைத்து வந்து மாடிச் சாவியைக் கொடுத்தேன்.

அவரும் என் இனம்தான், மெஷின் செய்கிறவர். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் லேத் ஓட்டியதில் எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துச் சாயங்காலக் காபியோடு தினமும் பேசுவோம். எல்லாரையும் போல அவரும் என்னை மேஸ்திரி என்றே கூப்பிட்டார். ஒரு நாள் தீப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சின் மேல் கறுப்பாக, கால் முளைத்த பூச்சி மாதிரி ஒன்று கிடந்தது. மெமரி சிப் என்றார். கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி கொடுப்பது இதுதானாம். நான் கம்ப்யூட்டரையே பார்த்ததில்லை. எங்கள் தெருவில் டெலிபோன் இருந்ததே இரண்டு வீட்டில்தான்.

அவர் வேலை பார்த்தது சிப் செய்கிற கம்பெனியில் இல்லை. சிப் செய்கிறவர்களுக்கு மெஷின் செய்து விற்கிற கம்பெனி. இருபது வருஷச் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தக் கம்பெனியின் பங்குகளாகவே வாங்கிவைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு முறை கொஞ்சம் பங்கை விற்று அவர் தங்கை பணம் அனுப்புவாள். வேறு வருமானம் கிடையாது, வீடு கிடையாது. "இந்தப் பங்கு தீர்வதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். மலையைப் பார்த்தபடி போக வேண்டும், அவ்வளவுதான்" என்பார். என் மனைவி காபி டம்ளரை நங்கென்று வைப்பாள். "வெளக்கேத்துற நேரத்துல பேசுற பேச்சா இது? சொல்லுங்க அவருகிட்ட!"

பங்கு விலை ஏறுவதையும் இறங்குவதையும் அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிப் விலை ஏறினால், ஆளாளுக்குப் புதிதாகத் தொழிற்சாலை கட்டுவார்கள். மெஷினுக்கு அடித்துப் பிடித்து ஆர்டர் கொடுப்பார்கள். எல்லாத் தொழிற்சாலையும் ஒன்றாக ஓட ஆரம்பித்ததும் சந்தையில் சிப் குவிந்து விலை சரியும். அப்போதும் சிப் செய்கிறவன் இருக்கிற மெஷினை ஓட்டிக் காலத்தைத் தள்ளிவிடுவான். புது மெஷின் மட்டும் வாங்க மாட்டான். ஆக, சிப்புக்குக் கால்வாசி விலை குறைந்தால் மெஷின்காரனுக்கு வியாபாரமே நின்றுபோகும். பங்கு வாங்குகிறவனோ இன்றைய வியாபாரத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த வருஷ ஆர்டரைப் பார்க்கிறான். அதனால் மெஷின் கம்பெனியின் பங்குதான் முதலில் விழும், ரொம்பவும் விழும்.

"அட, இது நம்ம மல்லாட்டைக் கதைதானே சார்!" என்றேன். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அதன் தோலை உடைக்கிற மெஷின் செய்வதுதான் என் தொழில். மல்லாட்டை விலை ஏறும் வருஷம் என் வாசலில் வண்டி நிற்க இடமிருக்காது. விலை இறங்கினால் ஈ ஓட்டுவேன். செக்குக்காரன் பிழைத்துக்கொள்வான், எண்ணெய் இல்லாமல் யார் சமைப்பது? விவசாயிகூட, வீட்டுப் பெண்களை உட்காரவைத்துக் கையாலேயே தோலுரித்துக்கொள்வான். அடிபடுவது மெஷின்காரன் ஒருவன்தான். அமெரிக்கர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அமெரிக்காவில் இதை யாரும் தனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்றார். என் தலை கனத்ததே அங்கேதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அவர் கையில் இரண்டு கடிதத்தோடு பட்டறைக்கு இறங்கி வந்தார். ஒன்று பழைய சிநேகிதர் எழுதியது. மெமரி சிப் விலை சரிகிறது, எல்லாரும் அளவுக்கு மீறிச் செய்து குவித்துவிட்டார்கள், பங்கை உடனே விற்றுவிடு என்று இருந்தது. இன்னொன்று கம்பெனி அனுப்பியது. ஒரு வருஷத்துக்கு வேண்டிய ஆர்டர் கையில் இருக்கிறது, பயமில்லை என்று இருந்தது.

"மேஸ்திரி, ஆர்டர் கையில் இருந்தால் போதுமா? நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நான் அள்ளி ஊற்றினேன். எங்கள் தொழிலில் ஆர்டர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கினேன். வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து விவசாயி வருவான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், முன்பணம் எல்லாம் இருக்கும். பட்டறை வாசலில் இரண்டு பேரும் மலையைப் பார்த்து நின்று, கற்பூரம் காட்டி, பெண் நிச்சயம் செய்வது போலத் தட்டு மாற்றிக்கொள்வோம். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. மலை சாட்சி.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அடி அண்ணாமலை என்கிற ஊரின் விவசாயி ஒருவன் கதையையும் எடுத்துவிட்டேன். எழுபதுகளின் நடுவில் மல்லாட்டை விலை தலைகுப்புற விழுந்த வருஷம். அவன் என்னிடம் தட்டு மாற்றி மெஷினுக்குச் சொல்லியிருந்தான். அறுவடைக்குள் விலை விழுந்துவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லுக்காக, ஏர் மாடு இரண்டையும் விற்று வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனான். "அவன்தான் சார் மனுஷன்! ஆர்டர்னா அது! ஒரு வருஷத்து ஆர்டர் கையில இருக்கிறப்போ எதுக்கு சார் விக்கணும்?"

அவர் மலையை ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு கடிதத்தையும் மடித்தார். பிறகு, "அப்படியானால் விற்கவில்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. ஆனால் நான் கையை ஆட்டி மாட்டுக் கதை சொல்வது புரியும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, மீதி நாலு மெஷின் என்னாச்சுன்னும் சொன்னீங்களா?"

"அது எதுக்கு இப்ப?"

"எதுக்கா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, அந்த மனுஷன் நம்பிக்கிட்டு போறாரு. மேல போய் மிச்சத்தையும் சொல்லிட்டு வாங்க."

உண்மையை இப்போதாவது சொல்கிறேன். அந்த வருஷம் என்னிடம் தட்டு மாற்றியவர்கள் ஐந்து பேர். மலையைப் பார்த்துக் கற்பூரம் காட்டியவர்கள்தான் ஐந்து பேரும். விலை விழுந்ததும் நாலு பேர் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. முன்பணம் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள். எல்லாம் தூரத்து ஊர்க்காரர்கள், போளூர்ப் பக்கமும் தண்டராம்பட்டுப் பக்கமும். போய்ச் சண்டை போட எனக்கு வக்கில்லை. ஐந்தாவது ஆள் அடி அண்ணாமலைக்காரன். பக்கத்து ஊர், கண்ணில் படுகிறவன், வாயில்லாதவன். அவனும் மெஷின் வேண்டாம் என்று கேட்கத்தான் வந்தான். மூன்று தடவை வந்தான். மூன்றாம் தடவை பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். நாலு பேர் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். "மலையைப் பாத்து தட்டு மாத்திட்டு இப்ப வேணான்றியே, நீ சோறு துன்றியா இன்னா?" என்று ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி கத்தினேன். நாலாம் நாள் மாட்டை விற்று வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு என் பட்டறை தப்பித்தது அந்த மாட்டால்தான்.

இந்தக் கதையைப் பத்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, நாலு பேரை உதிர்த்துவிட்டு, கத்தலையும் உதிர்த்துவிட்டு, அவனை அரிச்சந்திரனாக்கி வைத்திருந்தேன். அவன் நல்லவன் என்றால் அவனிடம் தொழில் செய்த நானும் நல்லவன், இல்லையா? சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன். அமெரிக்கர் கேட்ட அன்று பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மனைவி கேட்ட பிறகுதான் உறைத்தது.

என் வீட்டு மாடிக்குப் பதினாலு படி. அன்று ஏறிப் போய், "சார், அஞ்சு பேருல நாலு பேரு ஓடிட்டாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டேன். பிறகு ஒரு வாரம் ஆனது, ஒரு மாசம் ஆனது. விற்காமல் இருப்பதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையே, அதனால் தினமும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தினமும் காபி குடித்தோம். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வெட்கக்கேடு என்று நினைத்தேன். படுபாவி, வேறு என்ன சொல்ல என்னை!

கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு சிப் கம்பெனி ஆர்டரைத் தள்ளிப்போட்டது. பிறகு இன்னொன்று ரத்து செய்தது. தட்டும் இல்லை, கற்பூரமும் இல்லை, டெலிபோனில் ஒரு வார்த்தை சொன்னார்களாம், முடிந்தது. கட்டி முடித்த மெஷின்கள் கிடங்கில் பிளாஸ்டிக் போர்வை போர்த்தி நிற்கின்றன என்று சிநேகிதர் எழுதியிருந்தார். எழுபதுகளில் என் பட்டறையில் நாலு மெஷின் அப்படித்தான் நின்றது, சாக்குப் பையைப் போர்த்திக்கொண்டு. சிப் விலை விழுந்ததைக் காட்டிலும் பல மடங்கு வேகமாகப் பங்கு விழுந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் அவர் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் அரத்தை எடுத்து, தேய்க்க வேண்டாத இரும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் மட்டும் கீழே இறங்காமல் இருக்க ஆரம்பித்தார். காபி வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்க் கொடுத்துவிட்டு வருவாள். திரும்பி வந்து என்னிடம் பேச மாட்டாள்.

விலை அடிமட்டத்துக்குப் போனபோது, இருந்ததையெல்லாம் விற்கும்படி தங்கைக்கு எழுதினார். மிஞ்சியது ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது. திரும்பிப் போய்த் தங்கை வீட்டில் தங்கி, ஏதாவது வேலை தேடிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். அறுபதைத் தாண்டிய வயதில் வேலை! வாடகையே வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று நானும் என் மனைவியும் எவ்வளவோ சொன்னோம். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பிறர் தயவில் இருப்பதற்கு மலை எதற்கு, தங்கை வீடே போதும் என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். தினமும் மலையைச் சுற்றி நடப்பவர், கடைசியாக ஒரு சுற்றுப் போகப்போகிறார். அடி அண்ணாமலை அந்த வழியில்தான் இருக்கிறது. "அந்த மனிதனின் மெஷினை எனக்குக் காட்டு, மேஸ்திரி. அந்த மெஷினை நம்பித்தானே விற்காமல் இருந்தேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனின் வேலையைப் பார்க்க ஆசைப்படுகிற குரல்தான். என்ன சொல்லி மறுப்பது? நடந்தேன்.

அவன் வீடு பாதையிலிருந்து பத்தடிதான் உள்ளே. நாலு வருஷமாக அவர் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார். விவசாயி எங்களைப் பார்த்ததும், "வாங்கண்ணா, வாங்க தொரை" என்று பதறிக்கொண்டு பாய் விரித்தான். ஆள் இளைத்திருந்தான். கொட்டகையின் ஓரத்தில் மெஷின் நின்றது. அமெரிக்கர் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். உருளை பிசிறில்லாமல் சுற்றியது. சல்லடையைத் தடவிப் பார்த்தார். அதில் மல்லாட்டைத் தோலின் ஒரு பொடி இல்லை. நான் அடித்த பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அதன் மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டுகள்.

"இதை ஓட்டவே இல்லை" என்றார் அவர்.

விவசாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எங்கண்ணா ஓட்டுறது? மாடு போச்சு, மாடில்லாம ஏர் ஏது? நெலத்தைக் குத்தகைக்கு வுட்டுட்டேன். கூலி வேலைக்குத்தான் போறேன். ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வெச்சிடுவேன், நீங்க குடுத்ததாச்சே" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "நானும் மூணு தபா வந்து வேணான்னு கெஞ்சினேன். ஒத்துக்கலியே நீங்க. மத்த நாலு பேரு கில்லாடிங்க, அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. நான் பக்கத்து ஊரா போயிட்டேன்" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அந்த இடத்தைத் தாண்டியிருப்பேன்.

அமெரிக்கர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறான்?"

மெஷின் நன்றாக இருக்கிறது என்கிறான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று தடவை வந்தது, நாலு பேர் ஓடியது, அவன் சொல்லாமல் விட்ட என் கத்தல், எல்லாவற்றையும்.

அவர் மெஷின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"ஐந்தில் நாலு" என்றார். பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன், மேஸ்திரி" என்றார்.

மீதிச் சுற்றை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவர் பெட்டியை நான்தான் மேலே ஏற்றினேன். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பஸ் உறுமியபோது என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "அந்த மனிதனின் ஆர்டரை ரத்து செய்துவிடு."

செய்தேன். எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். இரண்டு மாசம் கழித்து, ஒரு ஜோடி கன்று வாங்கி ஓட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். விவசாயி முதலில் சிரித்தான், பிறகு தட்டை வாங்க மாட்டேன் என்றான். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து, கன்றுகளை மட்டும் அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினாள். அவை வளர்ந்து ஏர் இழுக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். அவன் கூலி வேலைக்குப் போன பத்து வருஷத்தை அதில் எங்கே கழிப்பது?

மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது அவன் ஓடி வந்து கேட்டான்: "அண்ணா, அந்தத் தொரை ஊருக்குப் போய் நல்லா கீறாரா?"

அமெரிக்கரிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

"நல்லா இருக்காருப்பா" என்றேன்.